பழைய காருக்கு ரிவர்ஸ் கேமரா: அளந்து பார்த்ததும் பொருத்திப் பார்த்ததும்

போன மார்கழியில் ஒரு நாள், காலை ஆறே கால் மணி. ஊருக்குக் கிளம்பும் அவசரம். போர்டிகோவில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணி, மூன்று கண்ணாடிகளையும் பார்த்து, தலையைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாகவும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ரிவர்ஸ் கியர் போட்டேன். ஓர் அடி நகர்ந்திருக்கும். மாடியிலிருந்து மனைவி, “நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று கத்தினாள்.

இறங்கிப் போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டுக் கோலம் எங்கள் கேட் வரைக்கும் நீண்டிருக்கிறது. அதன் ஓரத்தில் அந்த வீட்டுப் பாப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கலர்ப்பொடி தூவிக்கொண்டிருக்கிறாள். நாலு வயசு. பம்பருக்கும் அவளுக்கும் நடுவில் மூன்று மீட்டர்கூட இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, “மாமா, மஞ்சள் தீந்துபோச்சு” என்றாள்.

ஊருக்குப் போய் வந்த பிறகும் ஒரு கேள்வி மட்டும் போகவில்லை. நான் பார்க்காமல் வண்டியை எடுக்கவில்லை. நாலு தடவை பார்த்தேன். அப்படியும் ஏன் தெரியவில்லை?

டேப்பும் நாற்காலியும்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னுடையது 2013-ல் வாங்கிய சின்னக் கார், டிக்கி கதவோடு பின் கண்ணாடி சேர்ந்து திறக்கும் வகை. ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்தால் என் கண் தரையிலிருந்து 115 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு 100 செ.மீ. உயரம். கண்ணிலிருந்து அந்த விளிம்புக்கு 230 செ.மீ., அங்கிருந்து பம்பருக்கு இன்னொரு 30 செ.மீ.

இது போதும், மிச்சம் பள்ளிக்கூடக் கணக்குதான். என் பார்வைக் கோடு 230 செ.மீ. தூரத்துக்கு 15 செ.மீ. இறங்குகிறது. அதாவது மீட்டருக்கு ஆறரை செ.மீ. பம்பரைத் தாண்டும்போது அந்தக் கோடு தரையிலிருந்து 98 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே இருக்கும் எதுவும், கோடு அதன் தலைமட்டத்துக்கு இறங்கும் தூரம் வரை எனக்குத் தெரியாது.

வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகு 80 செ.மீ. உயரம். பையன் அதைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போக, நான் உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். கணக்குச் சொன்ன மாதிரியே, பம்பரிலிருந்து கிட்டத்தட்ட 2.8 மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் நாற்காலியின் தலை தெரிந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்த குழந்தையின் உயரம் 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 5.8 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் உச்சந்தலை தெரியும். மனைவி என்னைவிடக் குட்டை. அவள் கண் மட்டம் 110 செ.மீ. அவள் ஓட்டும்போது இதே 5.8 மீட்டர் ஏறக்குறைய 9 மீட்டராகிவிடுகிறது. வெறும் 5 செ.மீ. வித்தியாசத்துக்கு இவ்வளவு.

பக்கக் கண்ணாடிகள் காரின் இரு ஓரங்களை ஒட்டிய பட்டைகளைக் காட்டும். நேர் பின்னால் இருப்பதை அவையும் காட்டாது. நாலு தடவை பார்த்தும் பாப்பா தெரியாததற்குக் காரணம் அவசரமோ கவனக்குறைவோ இல்லை. அந்த இடம் காரின் உள்ளேயிருந்து தெரியவே தெரியாத இடம்.

நீங்களும் உங்கள் வண்டியில் ஒரு தடவை அளந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. கேமரா வாங்குவதைவிட இது முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு குழந்தையின் பெயரில் வந்த சட்டம்

இதைப் பற்றித் தேடியபோது அமெரிக்கக் கதை கிடைத்தது. 2002-ல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் கேமரன் குல்பிரான்சன் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டு வாசலில் அப்பா பின்னோக்கி எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்தது. அப்பா கிரெக் குல்பிரான்சன் குழந்தைகள் நல மருத்துவர். அவர் பேசாமல் இருந்துவிடவில்லை. மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து பல வருடம் போராடினார். கடைசியில் அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் 2008 பிப்ரவரியில் கையெழுத்தானது. விதிமுறைகளை 2011-க்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. தள்ளிப்போட்டுக்கொண்டே போய், வழக்குப் போட்ட பிறகு 2014-ல்தான் எழுதினார்கள். 2018 மே 1 முதல் அங்கே விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கேமரா கட்டாயம்.

அந்த விதியில் நமக்குப் பயன்படும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, வண்டிக்கு நேர் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் உள்ள பகுதி திரையில் தெரிய வேண்டும். இரண்டாவது, அதைச் சோதிக்க 80 செ.மீ. உயர உருளைகளை அந்தப் பகுதியில் வைத்துப் பார்க்கிறார்கள். நம் பிளாஸ்டிக் நாற்காலியின் உயரம்தான். மூன்றாவது, பின்னோக்கி நகர கியர் போட்டதிலிருந்து 2 நொடிக்குள் படம் வந்துவிட வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2014-ல் சொன்ன மதிப்பீட்டின்படி, பின்னோக்கி வரும் வண்டிகளால் அங்கே வருடத்துக்கு 210 பேர் இறக்கிறார்கள். அதில் 31 சதவீதம் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள்; 26 சதவீதம் 70 வயது கடந்தவர்கள். எல்லா வண்டியிலும் கேமரா வந்துவிட்டால் வருடத்துக்கு 58 முதல் 69 உயிர்கள் தப்பும் என்பது அவர்களுடைய கணிப்பு. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய. மீதிப் பேரை ஏன் காப்பாற்ற முடியாது என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் பின்பக்க பார்க்கிங் சென்சார் கட்டாயம். கேமரா கட்டாயமில்லை. சென்சார் என்பது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கருவி. சுவர், தூண், அடுத்த கார் மாதிரியானவற்றை நன்றாகப் பிடிக்கும். பம்பர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் கல், மெல்லிய கம்பி போன்றவை தப்பிவிடலாம். துணி ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அதன் எல்லையும் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மீட்டர்தான். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் பின்னால் போகும் வண்டி நொடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறது. பீப் சத்தம் கேட்டு நம் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் வண்டி இரண்டு மீட்டர் போய்விடும். என் காரில் சென்சாரும் கிடையாது. ஆகவே கேமரா என்று முடிவு செய்தேன்.

எதை வாங்குவது

கடையில் கேட்டால் “ஃபுல் எச்.டி., நைட் விஷன், 170 டிகிரி” என்று அடுக்குவார்கள். பார்க்க வேண்டியது வேறு.

உங்கள் ஸ்டீரியோவுக்கு எந்த சிக்னல் புரியும்? பழைய அனலாக் முறையா, ஏ.எச்.டி. முறையா? ஏ.எச்.டி. கேமராவை அனலாக் மட்டும் தெரிந்த ஸ்டீரியோவில் சொருகினால் படம் வராது, அல்லது கருப்பு வெள்ளையில் ஓடும். நாம் கேமராவைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். இரண்டும் ஒரே முறையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

கோணம் அதிகமானால் நல்லது என்பதும் பாதி உண்மைதான். 170 டிகிரி லென்ஸ் ஓரங்களை வளைத்து, நடுவில் இருப்பதைச் சின்னதாக்கி, தூரமாகக் காட்டும். 130, 140 டிகிரி போதும்.

வயர்லெஸ் வகை பொருத்தச் சுலபம். ஆனால் படம் விட்டுவிட்டு வருவதும் கொஞ்சம் தாமதமாக வருவதும் அதில் சகஜம். பின்னால் யாராவது குறுக்கே ஓடும் நேரத்தில் அந்தத் தாமதம் வேண்டாம். வயர் இழுக்கும் கஷ்டம் ஒரு நாள்தான்.

நம்பர் பிளேட் சட்டத்தோடு சேர்ந்து வரும் கேமராவும் நமக்கு ஒத்துவராது. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் ஒருமுறை மட்டும் பயன்படும் பூட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது; கழற்றினால் உடைந்துபோகும். பிளேட்டுக்கு மேலே, நம்பர் விளக்குகளுக்கு நடுவில் உட்காரும் சின்னக் கேமராதான் சரி. ஒரு எண்ணைக்கூட மறைக்கக் கூடாது.

முதல் தடவை நடந்தது

ஒரு ஆக்சஸரீஸ் கடையில் விட்டேன். முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள். அருமையான படம். இரண்டு மாதம் கழித்து நல்ல மழை பெய்த ஒரு சாயங்காலம், ரிவர்ஸ் போட்டால் திரை நீலமாக நின்றது. டிக்கியின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ரிவர்ஸ் விளக்கின் வயரைச் சீவி, கேமரா வயரை அதில் முறுக்கி, கருப்பு டேப் ஒரு சுற்று. டேப் பிசின் விட்டுக் கழன்று, செம்பு பச்சை பிடித்திருந்தது. கேமராவுக்காகத் துளைத்த ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பில் துரு ஆரம்பித்திருந்தது. அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

திருப்பிச் சண்டை போடாமல், எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனை உட்காரவைத்து, நானும் கூடவே இருந்து மறுபடி செய்தோம். செய்த வரிசையைச் சொல்கிறேன். நீங்களே செய்யாவிட்டாலும், செய்பவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

கேமராவுக்கு மின்சாரம் ரிவர்ஸ் விளக்கிலிருந்து வருகிறது. கியர் போட்டால் விளக்கு எரியும், கூடவே கேமராவும் விழிக்கும். சாவியை ஆன் செய்து, என்ஜினை ஓடவிடாமல், ஹேண்ட் பிரேக் இழுத்து, ரிவர்ஸ் கியரில் வைத்து மல்டிமீட்டரால் பார்த்தால், எந்த வயரில் 12 வோல்ட் வந்து போகிறது என்று தெரிந்துவிடும். வயர் நிறத்தை நம்ப வேண்டாம். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் வெட்டும் வேலை. இணைப்பைச் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ரப்பர் குழாயை மேலே போட்டோம். ஒரு ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றும் வழியில் வைத்தோம். கேமரா இழுப்பது ஒன்றிரண்டு வாட்தான். ஆனாலும் வயர் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டால், எரிய வேண்டியது ஃப்யூஸ். காரின் வயரிங் அல்ல.

சில புதுக் கார்களில் விளக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கணினி துடிப்புத் துடிப்பாக அனுப்பும். நேராகக் கேமராவை இணைத்தால் படம் மினுங்கும். அதற்கு நடுவில் ரிலே அல்லது ஃபில்டர் வேண்டும். வாரண்டியில் இருக்கும் காரில் வயரை வெட்டாதீர்கள். அந்த மாடலுக்கென்றே சொருகும் கப்ளர் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

டிக்கி கதவிலிருந்து காரின் உடலுக்கு வயர் போகும் வழி, மேலே இருக்கும் துருத்தி மாதிரியான ரப்பர் குழாய். வீடியோ கேபிளும் அதற்குள்ளேயே போக வேண்டும். அந்த இடத்தில் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும், இல்லையென்றால் டிக்கியைத் திறக்கத் திறக்க வயர் உள்ளுக்குள் ஒடியும். அங்கிருந்து ஓரப் பலகைகளுக்குப் பின்னால் இறங்கி, கதவுப் படியின் பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் ஓடி, டாஷ்போர்டுக்கு. தூண்களிலும் கூரை ஓரத்திலும் ஏர்பேக் இருக்கும் காராக இருந்தால், வயர் ஏர்பேக்குக்குப் பின்னால் போக வேண்டும், குறுக்கே போகக் கூடாது. கேபிளோடு ஒட்டிவரும் மெல்லிய வயர் ஸ்டீரியோவின் ரிவர்ஸ் வயருக்குப் போகிறது. திரை தானாகக் கேமராவுக்கு மாறுவது இதனால்தான்.

கேமரா ஓட்டையின் விளிம்பில் பிரைமர் தடவி, ரப்பர் வளையம் போட்டோம். உள்ளே போகும் வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினோம். வயர் வழியாக இறங்கும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. இந்த ஒரு சின்ன வளைவை முதலிலேயே போட்டிருந்தால் இரண்டாவது செலவே இல்லை.

படம் வந்துவிட்டது, வேலை முடியவில்லை

பெரும்பாலானவர்கள் படம் வந்ததும் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். நானும் முதல் தடவை அப்படித்தான். மூன்று சோதனைகள் பாக்கி இருக்கின்றன.

ஒன்று, இடமும் வலமும். ரிவர்ஸ் கேமரா படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்ட வேண்டும். காரின் இடது மூலையில் ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். திரையிலும் அவர் இடது பக்கம் தெரிய வேண்டும். வலது பக்கம் தெரிந்தால் கேமரா ‘முன்பக்க’ அமைப்பில் இருக்கிறது. பல கேமராக்களில் வெளியே நீட்டியிருக்கும் ஒரு சின்ன வயர் வளையத்தை வெட்டினால் இது மாறும்; எந்த வளையம் என்று அட்டைப்பெட்டியில் இருக்கும்.

இரண்டு, கோடுகள். திரையில் வரும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுகள் நம் காரை அளந்து போட்டவை அல்ல. தொழிற்சாலையில் ஏதோ ஒரு உயரத்தையும் சாய்வையும் மனத்தில் வைத்து வரைந்தவை. சமதளத்தில் காரை நிறுத்தி, பம்பரிலிருந்து அரை மீட்டர், 1, 2, 3 மீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டேன். சிவப்புக் கோடு அரை மீட்டர் என்று கடைக்காரர் சொன்னது. உண்மையில் அது அதைவிடத் தள்ளி விழுந்தது. திரையின் அடியில் என் பம்பரின் விளிம்பு மெல்லிய பட்டையாகத் தெரியும் வரை கேமராவைக் கீழே சாய்த்த பிறகு, கிட்டத்தட்டச் சரியானது. பம்பர் தெரிந்தால்தான் பம்பரை ஒட்டி இருப்பதும் தெரியும்.

கோடு சரியானாலும் அது தரைக்கு மட்டுமே சரி. லாரியின் பின்பக்கப் பலகை தரையைத் தொடாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். திரையில் அது இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும். வீட்டுச் சாய்தளத்திலும் இதே கதை. பின்னோக்கி மேடேறும்போது, மேட்டில் இருக்கும் பொருள் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பது போலத் தெரியும். நம் ஊர் வீடுகளில் தெருவிலிருந்து போர்டிகோவுக்கு ஏற்றம்தான். சுவர் இன்னும் தூரம் இருக்கிறது என்று நம்பி நான் ஒரு பூந்தொட்டியை உடைத்தேன்.

மூன்று, நேரம். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் ஒரு நொடியில் படம். ஆனால் ராத்திரி முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்து உடனே ரிவர்ஸ் போட்டால், ஸ்டீரியோ விழித்தெழ 19 நொடி. போர்டிகோவிலிருந்து வண்டியை வெளியே எடுக்க எனக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது. அதாவது, எந்தக் காலை வேளைக்காகக் கேமரா வாங்கினேனோ, அந்த வேளையில் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. எல்லா ஸ்டீரியோவும் இப்படி இல்லை. சிலவற்றில் முழுசாக விழிக்கும் முன்பே கேமரா படம் வந்துவிடும். உங்களுடையது எது என்று காலையில், குளிர்ந்த காரில் சோதியுங்கள். கடை வாசலில் ஓடிக்கொண்டிருக்கும் காரில் இது தெரியாது.

மிச்சம் மூன்றில் இரண்டு

இப்போது அந்த அமெரிக்கக் கணக்கு. கேமரா வந்தும் ஏன் பாதிப் பேர்கூடத் தப்புவதில்லை? கேமரா வண்டியை நிறுத்தாது, காட்ட மட்டும் செய்யும். அந்த நொடியில் நாம் திரையைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது குழந்தை அந்தப் பகுதியில் இருக்க வேண்டும்; பக்கவாட்டிலிருந்து ஓடிவருபவள் கடைசி நொடியில்தான் திரைக்குள் வருவாள். லென்ஸில் மழைத்துளியோ சேறோ இருக்கக் கூடாது. வண்டி மெதுவாகப் போக வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் போச்சு. திரை இருக்கிறது என்ற தைரியத்தில் கண்ணாடிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டால், காரின் முன் மூலை பக்கத்துச் சுவரில் உரசும். அதையும் செய்து பார்த்தாயிற்று.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த 5.8 மீட்டர் இருட்டுக்கு என் காரில் இதைத் தவிர வேறு கண் கிடையாது. இரண்டு தடவைக்கும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. எப்போதோ செய்திருக்க வேண்டும்.

ஆனால் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பையைப் பின் சீட்டில் வைக்கும் சாக்கில் காரை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். லென்ஸை விரல் நுனியால் துடைக்கிறேன். ஏறி, ஸ்டார்ட் செய்து, படம் வரும் வரை கியரைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்த 19 நொடியில் சீட் பெல்ட் போட்டு முடிக்கலாம்.

பாப்பாவுக்கு ஒரு டப்பா மஞ்சள் கலர்ப்பொடி வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்குத் தெரியும், அன்றைக்கே சொல்லிவிட்டேன்.